கொள்ளைநோய்க் காலத்தில் நம் தகவல் யார் கையில்? ஆப்பிரிக்க நாடுகளின் அனுபவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர் போகிற நேரத்தில் தனியுரிமை ஒரு கேடா?

இதைக் கேட்காதவர் குறைவு. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை நடந்ததைப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளிலும் சேர்த்து 28,600-க்கு மேற்பட்டோருக்கு எபோலா கண்டது. 11,300-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மருந்தும் படுக்கையும் போதாத நிலை ஒரு பக்கம். நோயாளிகளை வீட்டார் ஒளித்துவைத்தது இன்னொரு பக்கம். பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் அந்த வீட்டோடு ஊர் புழங்காது, கடையில் சாமான் கொடுக்கமாட்டார்கள், இறந்தவரை வழக்கப்படி குளிப்பாட்டி அடக்கம் செய்ய முடியாது. அதனால் காய்ச்சல் வந்தவரைப் பின்கட்டில் படுக்கவைத்துவிட்டு, 'இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை' என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள்.

2014 ஆகஸ்டில் சியரா லியோன் நாடாளுமன்றம் நோயாளியை ஒளித்துவைப்பதைக் குற்றமாக்கியது. இரண்டு ஆண்டு வரை சிறை. அதன் பிறகும் இரகசிய அடக்கங்கள் நிற்கவில்லை. நான் சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை வந்தால்தான் மனிதர் வாயைத் திறப்பார். கொள்ளைநோய்க் காலத்தில் தகவலைக் காப்பது ஏதோ படித்தவர்களின் சொகுசு என்று நினைப்பவர்கள் இந்த மூன்று நாடுகளின் கதையைப் படிக்க வேண்டும். அது நோய்த்தடுப்பு வேலையின் ஒரு பகுதி.

அப்படி என்னதான் தகவல் எடுக்கிறார்கள்?

எபோலா காலத்துத் தொடர்பாளர் கண்காணிப்புப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். நோயாளியோடு பழகிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயர், வயது, ஆணா பெண்ணா, ஊர், குடும்பத் தலைவர் பெயர், நோயாளிக்கு என்ன உறவு, தொலைபேசி எண், கடைசியாக நோயாளியைப் பார்த்த தேதி. அதற்கு வலப்பக்கம் ஒன்று முதல் இருபத்தொன்று வரை கட்டங்கள். கிருமி உடலில் புகுந்து நோய் வெளியே தெரிவதற்கு ஆகும் அடைகாக்கும் காலம் எபோலாவுக்கு அதிகபட்சம் 21 நாள் என்பதால், தினமும் ஒருவர் வீட்டுக்கு வந்து காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து ஒரு கட்டத்தை நிரப்புவார்.

மருத்துவக் கண்ணால் பார்த்தால் இதில் வீண் என்று தள்ள ஒரு பத்திகூட இல்லை. ஆனால் அந்த ஒரே தாளில் ஒரு தெருவின் உறவுமுறை முழுக்க இருக்கிறது: யார் யாரோடு படுத்தார், யார் யாரைப் பார்க்கப் போனார், யார் வீட்டில் யார் தங்கியிருந்தார் என்பது வரை. தாளைக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். இருபத்திரண்டாம் நாள் அந்தத் தாள் எங்கே போகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கேட்டவர்கள் மிகக் குறைவு.

செல்போன் நிறுவனங்களிடம் இருக்கும் அழைப்புப் பதிவுகளை ஏன் கேட்கிறார்கள்?

நீங்கள் பேசினாலும் குறுஞ்செய்தி அனுப்பினாலும் எந்த எண், எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எந்த டவர் வழியாக என்பது நிறுவனத்தின் கணினியில் பதிவாகும். பேசிய பேச்சு அதில் இருக்காது. லட்சக்கணக்கானவர்களின் பதிவைச் சேர்த்துப் பார்த்தால் மக்கள் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு அதிகம் நகர்கிறார்கள் என்று தெரியும். நோய் அடுத்து எங்கே தலைகாட்டும் என்று ஊகிக்கலாம், அங்கே முன்கூட்டியே படுக்கை போடலாம் என்பது வாதம். எபோலா பரவியபோது இந்தப் பதிவுகளைத் திறந்துவிடும்படி ஆய்வாளர்களும் உதவி அமைப்புகளும் அழுத்தம் கொடுத்தார்கள். செல்போன் நிறுவனங்களின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ 2014 நவம்பரில் இதற்கென்றே தனியுரிமை நெறிமுறைகளை வெளியிட்டது.

வாதத்தில் ஓட்டைகள் இருந்தன. எபோலா உடல் திரவங்களைத் தொடுவதால் பரவுவது. காற்றில் பரவும் நோயைப் போல, கூட்டம் நகரும் வழியெல்லாம் அது வரும் என்று கணக்குப் போட முடியாது. டவர் பதிவும் நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் பல கிலோமீட்டர் என்ற அளவில்தான் இடத்தைக் காட்டும். இரண்டு பேர் கைகுலுக்கினார்களா என்பதை அது சொல்லாது. போதாக்குறைக்கு ஒரு சிம் கார்டை ஒரு வீடே மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் ஊர்கள் அவை. பதிவு காட்டுவது போன் போன வழியை. அதைக் கொண்டுபோனவர் யாரோ.

பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டுக் கொடுத்தால் போதாதா?

போதாது. 15 லட்சம் பேரின் செல்போன் பதிவுகளை வைத்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற விவரம் நான்கே நான்கு தெரிந்தால் 95 சதவீதம் பேரைத் தனியே பிரித்துவிடலாம் என்று காட்டியது. இரவில் தங்கும் டவரும் பகலில் வேலை பார்க்கும் டவரும் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. தனித்தனி வரிகளைக் கொடுக்காமல், 'இந்த மாவட்டத்திலிருந்து அந்த மாவட்டத்துக்கு இன்று இத்தனை பேர்' என்று தொகுத்துக் கொடுப்பது ஓரளவு பாதுகாப்பு. பெரும்பாலான நோய்க் கணக்குகளுக்கு அந்தத் தொகுப்பே போதும்.

ஆப்பிரிக்காவில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் நாட்டுக்கு நாடு வேறு. கேப் வெர்டே 2001-லேயே தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டுவிட்டது. துனிசியா 2004, செனகல் 2008, கானா 2012, கென்யாவும் உகாண்டாவும் 2019, நைஜீரியா 2023, எத்தியோப்பியா 2024 என்று வரிசை நீளும். எபோலா மையம்கொண்ட மூன்று நாடுகளில் அப்போது அப்படி ஒரு முழுமையான சட்டம் ஒன்றிலும் கிடையாது.

கண்டம் முழுமைக்கும் ஆனதாக ஆப்பிரிக்க ஒன்றியம் 2014 ஜூனில் எக்குவடோரியல் கினியின் மலாபோ நகரில் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது. பதினைந்து நாடுகள் உறுதி செய்தால்தான் அமலாகும் என்பது நிபந்தனை. பதினைந்தாவது நாடாக மௌரிட்டானியா வந்து சேர, 2023 ஜூன் 8-இல் அது உயிர்பெற்றது. ஒன்பது ஆண்டுகள்! இடையில் கொரோனாவே வந்து போய்விட்டது. அந்தப் பதினைந்தில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் இல்லை. மனித உரிமைகளுக்கான ஆப்பிரிக்கச் சாசனத்தில் தனியுரிமைக்கென்று தனிப் பிரிவே கிடையாது என்பதும் பலருக்குத் தெரியாத விஷயம்; குழந்தைகளுக்கான சாசனத்தில்தான் இருக்கிறது.

அவசரநிலை அறிவித்துவிட்டால் இந்தச் சட்டங்கள் செல்லுமா?

செல்லும். தனியுரிமையை அரசு கட்டுப்படுத்தலாம். ஆனால் அதற்குச் சட்ட அடிப்படை வேண்டும், உண்மையிலேயே தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சக் கூடாது, காலக்கெடு வேண்டும். உரிமைகளை அரசு எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்று 1984-இல் வகுக்கப்பட்ட சிராகூசா கோட்பாடுகள் தொட்டு எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதுதான் அளவுகோல். உலக சுகாதார விதிமுறைகளின் 45-ஆம் விதியும் நோயாளியின் விவரத்தை இரகசியமாக வைக்கச் சொல்கிறது.

ஏட்டில் எல்லாம் சரி. நடைமுறையில் அரசுகள் மாட்டிக்கொள்வது கடைசி நிபந்தனையில். ஆரம்பிக்கும் தேதியை எல்லோரும் எழுதுகிறார்கள். முடிக்கும் தேதியை எழுத மறந்துவிடுகிறார்கள்.

முடிக்கும் தேதியை எழுதிய நாடு ஏதாவது உண்டா?

தென்னாப்பிரிக்கா. குறைகள் உண்டு, ஆனாலும் நான் பார்த்தவற்றில் இதுவே கூர்ந்து படிக்கத் தக்கது.

2020 மார்ச் 5-இல் அங்கே முதல் கொரோனா நோயாளி. 15-இல் தேசியப் பேரிடர் நிலை. ஏப்ரல் 2-இல் விதிகளில் திருத்தம். சுகாதாரத் துறை ஒரு தடமறிதல் தரவுத்தளம் வைத்துக்கொள்ளலாம். பரிசோதனை செய்துகொள்பவரின் பெயர், அடையாள எண், முகவரி, செல்போன் எண் எல்லாம் அதில் ஏறும். மாதிரி எடுப்பவர் அடையாள அட்டையையோ பாஸ்போர்ட்டையோ படமெடுத்துக்கொள்ள வேண்டும். துறையின் தலைமை இயக்குநர் எழுத்துமூலம் கேட்டால், நோய் கண்டவர் அல்லது கண்டதாக நியாயமாகச் சந்தேகிக்கப்படுபவர் எங்கெங்கே இருந்தார் என்பதைச் செல்போன் நிறுவனம் தர வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

இதுவரை படித்தால் வயிற்றைக் கலக்கும். அடுத்து வருவதுதான் முக்கியம். பேச்சையும் செய்தியையும் ஒட்டுக்கேட்கக் கூடாது. தரவுத்தளத்தில் சேர்க்காத இடத் தகவலை ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. யார் யாருடைய நடமாட்டம் வாங்கப்பட்டது என்று வாரம் ஒரு முறை ஒரு நீதிபதிக்கு அறிக்கை போக வேண்டும். அரசியல் சாசன நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கேட் ஓ'ரீகன் அதற்கென நியமிக்கப்பட்டார். பேரிடர் நிலை முடிந்த ஆறு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் 'உங்கள் இடத் தகவலை எடுத்தோம்' என்று தெரிவிக்க வேண்டும். தரவுத்தளத்தில் மிச்சமிருப்பதில் அடையாளத்தை நீக்கி ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் மட்டும் வைக்கலாம். அப்படி நீக்காததை அழித்துவிட வேண்டும். இவற்றைச் செய்து முடித்ததற்கான அறிக்கை நீதிபதிக்கும் நாடாளுமன்றத்துக்கும் போக வேண்டும். பேரிடர் நிலை 2022 ஏப்ரல் 5-இல் முடிவுக்கு வந்தது.

குறை என்ன? 'நியாயமாகச் சந்தேகிக்கப்படுபவர்' என்ற வளையம் மிகப் பெரியது. நீதிபதி பார்ப்பது எடுத்த பிறகு, எடுக்கும் முன் அல்ல. அந்நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் நிறைவேறியும் அதன் முக்கியப் பிரிவுகள் அமலுக்கு வந்தது 2020 ஜூலை 1-இல். ஏப்ரலில் தகவல் ஒழுங்காற்று ஆணையம், இன்னும் முழுசாகக் கைக்கு வராத சட்டத்தை வைத்துக்கொண்டு 'தாமாக முன்வந்து கடைப்பிடியுங்கள்' என்று வழிகாட்டுக் குறிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

எல்லோருடைய பதிவையும் மொத்தமாகக் கேட்டால்?

கானாவில் கேட்டார்கள். 2020 மார்ச் 23-இல் அதிபர் அகுஃபோ-அடோ பிறப்பித்த 63-ஆம் நிர்வாக ஆணை, தொற்றாளரைத் தேட உதவும் என்ற பெயரில், சந்தாதாரர் விவரங்களை அரசின் பொதுத் தளத்துக்குத் தரும்படி செல்போன் நிறுவனங்களைப் பணித்தது. நோயுள்ளவர், நோயில்லாதவர் என்ற பிரிப்பு இல்லை. வாடிக்கையாளரான ஒரு வழக்கறிஞர் வழக்குப் போட்டார். அக்ராவில் உயர் நீதிமன்றத்தின் மனித உரிமைப் பிரிவு, இது தனியுரிமை மீறல் என்று 2021-இல் தீர்ப்பளித்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்ட நாடு என்பதை மனத்தில் வையுங்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தது. அதைக் கையில் எடுக்க ஒரு தனி மனிதர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

கென்யாவில் என்ன நடந்தது?

கொரோனாவுக்கு நான்கு மாதம் முன்பு, 2019 நவம்பரில், தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலானது. முதல் நோயாளி 2020 மார்ச்சில். சட்டத்தை நடத்த வேண்டிய ஆணையர் பதவியேற்றது 2020 நவம்பரில். நோய் பொங்கிவந்த அந்த எட்டு மாதமும் வீட்டுக்குக் கதவு இருந்தது, பூட்டு இல்லை.

ஆனால் கென்யாவின் உண்மையான பாடம் அதற்கு முந்தையது. 2015 பிப்ரவரியில் அதிபர் உஹுரு கென்யாட்டா ஓர் ஆணையிட்டார்: எச்ஐவி உள்ள பள்ளிக் குழந்தைகள், அவர்களின் காப்பாளர்கள், எச்ஐவி உள்ள கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோரின் விவரத்தைச் சேகரித்து அறிக்கை தர வேண்டும். நோக்கம் நல்லது, குழந்தைகளுக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்ற கவலையில் பிறந்தது. கேட்கப்பட்டது மருத்துவர்களிடம் அல்ல, மாவட்ட நிர்வாக அதிகாரிகளிடம் என்பதிலேயே கோளாறு தெரிகிறது. ஒரு வகுப்பறையில் எந்தக் குழந்தை என்பது அதிகாரிக்குத் தெரிந்தால், ஆசிரியருக்குத் தெரியும்; ஆசிரியருக்குத் தெரிந்தால், மதிய இடைவேளைக்குள் பிள்ளைகளுக்குத் தெரியும்.

உரிமை அமைப்புகள் வழக்குத் தொடர்ந்தன. 2016 டிசம்பரில் உயர் நீதிமன்றம், பெயரோடு நோயை இணைத்துச் சேகரித்த விதம் தனியுரிமையையும் குழந்தைகள் நலனையும் மீறுவதாகச் சொன்னது. ஏற்கெனவே எடுத்த பெயர்களை, ஆளோடு தொடர்புபடுத்த முடியாதபடி 45 நாளுக்குள் குறியீடாக மாற்றவும் உத்தரவிட்டது. எத்தனை குழந்தைகளுக்கு மருந்து தேவை என்பது எண்ணிக்கை. பெயர் இல்லாமலே அது கிடைக்கும்.

போனில் செயலி போட்டுக்கொண்டால் பாதுகாப்பா?

செயலியைப் பொறுத்தது. தென்னாப்பிரிக்காவின் கோவிட் அலர்ட் எஸ்ஏ, ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து உருவாக்கிய முறையில் ஓடியது. புளூடூத் வழியாக அருகிலிருக்கும் போன்கள் அர்த்தமற்ற எண்களை மாற்றிக்கொள்ளும்; பெயரோ இடமோ போகாது. தனியுரிமை நோக்கில் நல்ல வடிவம். ஆனால் பட்டன் போன் வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை, ஆப்பிரிக்காவில் அப்படிப்பட்டவர்கள் கோடிக்கணக்கில். நிறுவுமுன் பார்க்க வேண்டியது ஒன்றே: நோயைத் தேட உதவும் செயலிக்கு உங்கள் தொடர்புப் பட்டியலும் புகைப்படங்களும் எதற்கு? அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கடை வாசலில் நோட்டில் பெயரும் எண்ணும் எழுதச் சொன்னார்களே, அதில் என்ன பெரிய ஆபத்து?

கணினியைவிட ஆபத்து அதில்தான். உங்களுக்கு அடுத்து வருபவர் உங்கள் வரியைப் படித்துவிட்டுத்தான் தன் வரியை எழுதுகிறார். கென்யா போன்ற நாட்டில் செல்போன் எண் என்பது பணப்பையும்கூட. எம்-பெசா என்ற செல்போன் பணப் பரிமாற்றச் சேவையில் ஒரு எண்ணை அடித்தால், பணம் அனுப்பும் முன்பே பதிவான பெயர் திரையில் வந்து நிற்கும். எண்ணை மட்டும் எழுதினாலும் பெயரையும் எழுதியதாகத்தான் கணக்கு. மோசடிக்காரருக்கும், பெண்களைத் தொந்தரவு செய்பவருக்கும் அதற்கு மேல் என்ன வேண்டும்? வரிசையாக நோட்டு வைப்பதற்குப் பதில் ஒருவருக்கு ஒரு சீட்டு, மூடிய பெட்டி, இரண்டு மூன்று வாரத்தில் எரித்துவிடுவது. செலவு ஒன்றுமில்லை.

நான் நைரோபியில் வேலை பார்க்கும் தமிழன். அந்நாட்டுக் குடிமகன் அல்ல. எனக்கும் இந்த உரிமை உண்டா?

உண்டு. கென்யச் சட்டம் நாட்டில் இருப்பவரைப் பார்க்கிறது, குடியுரிமையை அல்ல. நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதாக இருந்தாலும், கென்யாவில் இருப்பவரின் தகவலைக் கையாண்டால் சட்டம் பொருந்தும். தென்னாப்பிரிக்கச் சட்டமும் குடியுரிமை கேட்பதில்லை. உங்கள் நிறுவனம் பரிசோதனை முடிவைக் கேட்டால் எதற்கு, யார் பார்ப்பார், எப்போது அழிப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கென்யாவில் உடல்நலத் தகவலைக் கையாள்வது மருத்துவப் பணியாளரின் பொறுப்பிலோ, இரகசியம் காக்கும் சட்டக் கடமை உள்ளவரின் கையிலோ இருக்க வேண்டும். மனிதவளப் பிரிவின் வாட்ஸ்அப் குழு இரண்டிலும் சேராது.

உதவி செய்யும் வெளிநாடுகளுக்கு நோயாளிகளின் தகவலைக் கொடுக்கலாமா?

சூடான கேள்வி. உதவி வேண்டுமென்றால் தகவல் கொடு என்பது பழைய ஏற்பாடு. எபோலா காலத்தில் இரத்த மாதிரிகளே கப்பலேறாத குறையாக வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போயின. கொடுத்தவர்களில் பலருக்கு அது எங்கே போகிறது என்று சொன்னவர் இல்லை. 2025 டிசம்பரில் கென்யாவும் அமெரிக்காவும் ஐந்தாண்டு சுகாதார உதவி ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. நுகர்வோர் அமைப்பு ஒன்று நீதிமன்றம் போனது. சில நாட்களிலேயே, மருத்துவத் தகவலைப் பகிரும் பகுதியை உயர் நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்திவைத்தது.

நோய்க்கிருமி எல்லை பார்ப்பதில்லை, ஆகவே பகிரத்தான் வேண்டும் என்பது நியாயம். ஆனால் எத்தனை பேருக்கு, எந்த வயதில், எந்தப் பகுதியில் என்ற தொகுப்பு வேறு, ஆள்வாரியான பதிவு வேறு. பேரம் பேசும் மேசையில் முந்தையதைச் சொல்லிப் பிந்தையதை வாங்கிவிடக் கூடாது.

என் பரிசோதனை முடிவு கசிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் ஆதாரம். செய்தி வந்த திரையைப் படமெடுங்கள். தேதி, அனுப்பிய எண், குழுவின் பெயர் தெரிய வேண்டும். கோபத்தில் அதைப் பத்துப் பேருக்கு நீங்களே அனுப்பிவிடாதீர்கள். பிறகு தகவலை வைத்திருந்த மருத்துவமனைக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார். கென்யாவிலும் நைஜீரியாவிலும், ஆளுக்குத் தீங்கு நேரக்கூடிய கசிவு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அவர்களே ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மணிக்கணக்கு இல்லை, 'இயன்றவரை விரைவாக' என்றுதான் இருக்கிறது. அடுத்தது நேரடியாக ஆணையத்துக்கு: கென்யாவில் தரவுப் பாதுகாப்பு ஆணையர் புகாரை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. தனிச் சட்டமே இல்லாத நாட்டில் இருந்தால் அரசியல் சாசனத்தைப் புரட்டுங்கள். லைபீரிய சாசனத்தின் 16-ஆம் பிரிவுபோல, நீதிமன்ற உத்தரவின்றி ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். உள்ளூர் சட்ட உதவி மையத்துக்கு அந்த வரியோடு போங்கள்.